அவள் கத்தவில்லை

இன்று காலை மசாலா டப்பாவைத் திறந்ததும் கிராம்பு வாசம் எழுந்து முகத்தில் அடித்தது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, தலை சுத்துதா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அது உன் வாசம். நீதிமன்றத்துக்குள் போகும் முன் ஒரு கிராம்பை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொள்வாய். கேட்பவர்களிடம் தொண்டைக்கு என்பாய். என்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னாய்: "பயத்துக்குடி. காரமா ஒண்ணு வாயில இருந்தா நடுக்கம் மொத்தமும் அதுங்கிட்ட போயிடும்."

போன வாரம் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். வாயில் ஒன்றும் இல்லை. நடுக்கம் முழுவதும் முழங்காலில் இருந்தது.

நீ இருந்திருந்தால் முந்தின நாளே உன் வீட்டுக்கு ஓடி வந்திருப்பேன். கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் ஒரு பெண்ணின் வழக்கு உடைந்துபோகும் என்று அவள் வீட்டார் சொன்னார்கள். அப்படியிருந்தும் சொல்லலாமா? உனக்குப் பிறகு இப்படிக் கேட்க எனக்கு ஆளில்லை. அதனால் நடந்து முடிந்ததை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. பயமும் போகவில்லை.

நாம் இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் தாவரவியல் படித்தோம். நான் அதிலேயே தங்கி இன்று அதையே கற்பித்துக்கொண்டிருக்கிறேன். நீ சட்டத்துக்குப் போனாய். நைனார்பாளையத்தில் மரவள்ளி போடுகிற வீட்டிலிருந்து வந்த முதல் வக்கீல். "செடிங்க பொய் சொல்லாது, போரடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அந்தப் பெண் என் மாணவி. பெயரை எழுத மாட்டேன். அவளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். இறந்துபோன உனக்கு எழுதினாலும் அதை மீற மனமில்லை. மலையில், கரியாலூருக்கு மேலே எங்கோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள். வயது இருபது. வயதை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினெட்டுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சே எழாது என்று நீ சொல்லியிருக்கிறாய். இருபது என்பதால் வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது.

அவர்கள் ஊருக்குப் பேருந்து குறைவு. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு வரும் மினி வேன்களில்தான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அவசரத்துக்கு வருவார்கள். அப்படி ஒரு வேன்காரன் அவன். மலைக்குக் கீழே, கீழ்நாட்டு ஆள். அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். அவளுடைய பெரியப்பாவே பலமுறை அவளை முன் சீட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கும் அவள் தானாகத்தான் ஏறினாள். தேர்வு இருந்தது, பேருந்து போய்விட்டிருந்தது.

மறுநாள் மதியம் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் போன பிறகும் அவள் மட்டும் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டே நின்றாள். கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு என்ன என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"வண்டிய ஓரமா நிறுத்துனாரு மேம். எதுக்குன்னு கேட்டேன். அப்பறம் எனக்கு ஒடம்பு வெறச்சுப் போச்சு. கத்தணும்னு தோணிக்கினே இருந்துச்சு, வாய் தொறக்கல. வேணாம்னு சொல்லக்கூட வரல. எல்லாம் முடிஞ்சி அவரே கூட்டியாந்து காலேஜ் கேட்டுல வுட்டாரு. நானும் வந்து பரீட்ச எழுதிட்டேன்."

கழுவிய தகட்டை மறுபடி கையிலெடுத்துக்கொண்டு, "பரீட்ச எழுதுனது தப்பா மேம்?" என்று கேட்டாள்.

எனக்கு இன்றும் உள்ளே நடுங்குவது அந்தக் கேள்விக்குத்தான். நடந்தது முழுவதிலும் அவள் தன் பக்கம் தேடிக் கண்டுபிடித்த குற்றம் அது.

வீட்டில் சொல்லும்போது நான் அவளுடன் இருந்தேன். காவல் நிலையத்துக்குப் போன அன்று இருக்கவில்லை. அவளுடைய பெரியப்பா முதலில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் அவளைக் கூட்டிப் போயிருக்கிறார். அவள் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெரியப்பா சொல்லச் சொல்ல மனு தயாரானது. அவள் கையெழுத்துப் போட்டாள். சில நாள் கழித்து அதன் நகலை அவர் எனக்குக் காட்டினார். 'நான் உரத்த குரலில் கூச்சலிட்டேன். என் கூச்சல் கேட்டு அக்கம்பக்கத்தினர் ஓடி வரவே, எதிரி என்னை மிரட்டிவிட்டுத் தப்பியோடினார்' என்று இருந்தது.

அக்கம்பக்கத்தினர்! நீ சிரித்திருப்பாய். பிறகு கோபம் வந்திருக்கும். அந்த மனு எழுதுபவரை உனக்கு நன்றாகத் தெரியும். முன்பு வேறொரு பெண்ணின் வழக்கில், நீதிமன்றத்துக்கு எதிர் டீக்கடையில் நீ அவரோடு மல்லுக்கு நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். நீ தம்ளரை டக்கென்று வைத்தாய்.

"ஏங்க, நீங்க எழுதற மனுவுல எல்லாப் பொம்பளையும் கத்திக்கினே கீறாங்களே. ஒருத்திக்குக்கூடவா பயத்துல வாய் அடைக்கல?"

"கத்துனாத்தான் வக்கீலம்மா கேஸ் நிக்கும். கத்தலன்னா, 'இன்னாம்மா, அப்ப நீயும் ஒத்துக்கினுதான் இருந்தியா'ன்னு கேப்பாங்க. நான் அந்தப் புள்ளைக்கு நல்லதுதான பண்றேன்?"

"அக்கம்பக்கத்துல ஓடியாந்தாங்கன்னு வேற எழுதிக்கீறீங்க. அது காடு. சுத்தி கடுக்காய் மரந்தான் இருக்குது. மரமா ஓடியாந்துச்சு?"

"மரத்த குறுக்கு விசாரணை பண்ண முடியாது பாருங்க, அதான் தைரியமா எழுதுறது" என்று அவர் சிரித்தார். டீக்கடைக்காரரும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு கெட்டவன் இல்லடி, அதான் பயமா இருக்குது" என்றாய். ஒரு பெண்ணின் வாயில் இல்லாத கூச்சலை அவளுக்கு உதவுவதாக நினைத்துச் சேர்க்கிறார்கள். அந்தக் கூச்சலை அவள் கூண்டில் நின்று காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் கேட்டது, யார் வந்தார்கள், எத்தனை பேர், எந்த வீடு? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய் தேவைப்படும். கடைசியில் உண்மையாக நடந்ததும் அந்தப் பொய்களோடு சேர்ந்து போய்விடும். அன்று நீ சொன்னது இவ்வளவுதான். அப்போது எனக்கு அது உன் தொழில் சங்கதி. இப்போது அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அவள் கத்தவில்லை என்று அவள் வாயால் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று புரிந்தது.

போலீசார் என்னை விசாரித்தபோது அவள் என்னிடம் வந்தாளா, அழுதாளா, யார் என்று சொன்னாளா என்றுதான் கேட்டார்கள். கத்தினாளா என்று கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சுக்குப் போகவில்லை. நீதிமன்றத்தில் கேட்பார்கள் என்று தெரியும்.

சம்மன் வந்த பிறகு அவளுடைய பெரியப்பா கல்லூரிக்கே வந்தார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. அவளை அந்த வேனில் ஏற்றி அனுப்பியவர் அவர். அது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"டீச்சரம்மா, ஒரு வார்த்தைங்க. கத்துனேன்னு உங்ககிட்ட சொல்லுச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாங்க."

"அவ அப்படிச் சொல்லலையே."

"சொல்லல, சரிங்க. ஆனா கோர்ட்டுல அதுவும் கத்துனேன்னுதான் சொல்லியிருக்கும். மனுவுல இருக்கறதத்தான சொல்லியிருக்கும்? நீங்க இல்லன்னு சொன்னா, எங்க புள்ள பொய் சொல்லுதுன்னு ஆயிடும். அப்பறம் அவன் மீசைய முறுக்கிக்கினு வருவான். அதே ரோட்டுல நாங்க எப்படி நடக்கறது?"

அவள் ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்தாள். இப்படிப்பட்ட வழக்கு மூடிய அறையில் நடக்கும். என்ன சொன்னாள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாட்சிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் அவளிடமும் நான் கேட்கவில்லை. அவள் என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இலைத்துளைகளின் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் பாடம் நடத்தினேன்.

அதற்குள் அவன் ஜாமீனில் வந்திருந்தான். ஒரு நாள் மாலை எங்கள் வீட்டை ஒட்டிய இரும்புக் கடைக்கு வந்தான். நான் உள்ளே இருந்தேன். தார்ப்பாய் கட்டுகிற நைலான் கயிறு கேட்டான். என் வீட்டுக்காரர் அளந்து வெட்டிக்கொண்டிருக்கும்போது, ரொம்பத் தெரிந்தவன் மாதிரி பேச ஆரம்பித்தான்.

"பாய், டீச்சரம்மா நல்லாக்கீறாங்களா?"

"இருக்காங்க."

"பொண்ணு ப்ளஸ் டூதான? காலைல சின்னசேலம் பஸ்ஸுலதான போவுது? பாத்தேன் நேத்து. கூட்டம் ஜாஸ்தி பாய் அந்த பஸ்ஸுல. சூதானமா போகச் சொல்லுங்க."

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். என் வீட்டுக்காரர் கத்தியை மடக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் கோழை இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் உள்ளே வந்து, "நீ போய்த்தான் ஆவணுமா?" என்று கேட்டார். அரசு வக்கீலிடம் சொன்னேன், அவர் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் மகளைப் பேருந்தில் அனுப்ப மனம் வரவில்லை. தினமும் அவரே வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். மகள், "நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்று சண்டை போடுகிறாள். காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த நாட்களில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என் நிக்காஹுக்கு வந்தது ஞாபகம் வந்தது. பெண்கள் அறையில் என் முதுகுக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருந்தாய். பெண் சார்பில் பேசும் வகீலும் இரண்டு சாட்சிகளும் கதவருகே வந்து நின்று, இன்னாரின் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹர்ப் பணத்துக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். எனக்குத் தொண்டையில் சத்தமே வரவில்லை. மறுபடி கேட்டார்கள். என் பெரியம்மாவின் கை என் பின்னந்தலையில் வந்து அழுத்தியது. தலை குனிந்தது. "சரின்னுட்டா, சரின்னுட்டா" என்று அறை முழுக்கச் சத்தம். அவர்களும் போய்விட்டார்கள்.

சாப்பாட்டில் நீ என் காதோரம் வந்து, "தலையாட்டுனது நீயா, உங்க பெரியம்மாவா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, சம்மதம்தான் என்றேன். "தெரியும்டி. ஆனா அவங்க யாருக்கும் அது தெரியாது. கேட்டாங்க, பதில் வர வரைக்கும் நிக்கல." உடனே நீயே சொன்னாய்: "உங்கள்லயாவது மூணு பேரு வந்து நின்னு கேக்கணும்னு வெச்சிக்கீறாங்க. எங்கக்கா கல்யாணத்துல பத்திரிகை அடிச்ச அப்பறந்தான் அவளுக்கே தெரியும்." அதற்கும் சிரித்தோம். அப்போது நமக்குச் சிரிப்பு எளிதாக வந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கரியாலூர்ப் பக்கம் பெண்களுக்குச் சட்டம் சொல்லப் போனாயே, நானும் செடி சேகரிக்கலாம் என்று உன்னோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் சாமை உமியைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். நீ சட்டத்தின் அந்த வாசகத்தை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். ஒரு பெண் வாயாலோ, சைகையாலோ, வேறு எப்படியோ, அந்தக் குறிப்பிட்ட காரியத்துக்குத் தனக்கு விருப்பம் என்பதைத் தானாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிவித்தால்தான் சம்மதம். அடித்துப் புரண்டு எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து அவள் சம்மதித்தாள் என்று சொல்லக் கூடாது.

ஒரு பெண் கேட்டாள்: "பயந்துக்கினு தலையாட்டிட்டா?"

"பயத்துல ஆட்டுன தலைய சட்டம் சம்மதமா எடுத்துக்காதும்மா."

"கூட நடந்து போயிட்டா?"

"நடந்து போனது நடக்கறதுக்குச் சம்மதம். வேற எதுக்கும் இல்ல."

பின்னால் தூணில் சாய்ந்திருந்த ஒருத்தி, வாயில் வெற்றிலையோடு, "புருசன் கிட்டயும் இதானா வக்கீலம்மா?" என்றாள். நீ தடுமாறினாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. பதினெட்டு முடிந்த மனைவி என்றால், இருவரும் சேர்ந்து வாழ்கிறவரை, கணவன் செய்வதை இந்தச் சட்டம் அந்தக் குற்றமாகச் சொல்லவில்லை, அடி உதைக்கு வேறு சட்டம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாய். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அப்ப எங்க வூட்டு வாசப்படி வரைக்குந்தான் வரும் உங்க சட்டம். உள்ள வராது" என்றாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் மலையிறங்கும் பேருந்தில் அந்தச் சிரிப்பு உன்னிடம் இல்லை. வளைவுகள் முடிந்து வடக்கனந்தல் பக்கம் வயல் தெரிய ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பினாய்.

"எல்லாரும் அவ எங்க இல்லன்னு சொன்னான்னு தேடுறாங்கடி. தேடவேண்டியது அது இல்ல. எங்க சரின்னு சொன்னா? அத காட்டச் சொல்லு."

நீ மனப்பாடமாகச் சொன்ன அந்தப் பிரிவின் எண் இன்று செல்லாது. நீ போன பிறகு சட்டப் புத்தகமே மாறிவிட்டது. தேடிப் படித்தேன். எண்தான் வேறு, சம்மதம் என்றால் என்ன என்கிற அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. படித்து முடித்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் கடையில் கயிறு வெட்டிய சத்தம் நினைவுக்கு வந்ததும் அது போய்விட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். அது போகவில்லை. புத்தகத்தில் இருக்கும் வரி அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் மனதிலும் இருக்குமா என்று எப்படித் தெரியும்?

சாட்சி நாளன்று கதவைச் சாத்தினார்கள். நீதிபதி ஒரு பெண். அரசு வக்கீலும் பெண்தான். தட்டச்சு செய்பவர், எதிர்த்தரப்பு வக்கீல். ஒரு திரைக்குப் பின்னால் அவன் இருந்தான். முகம் தெரியவில்லை. செருப்புக் கால் மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போனது.

எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. தன் வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலப் பேசினார்.

"டீச்சர், உங்க மாணவி மேல உங்களுக்கு ரொம்பப் பாசம் இல்லீங்களா?"

"ஆமாங்க."

"அவங்களுக்கு உதவி பண்ணணும்னுதான் வந்திருக்கீங்க."

"கூப்பிட்டதால வந்திருக்கேன்."

"சரி. சம்பவத்தப்போ சத்தம் போட்டுக் கத்தினதா உங்ககிட்ட சொன்னாங்கதானே?"

அவர் கேட்ட விதம், 'ஆமாம்' என்பதை என் வாயில் வைத்துக்கொடுப்பது போல இருந்தது. ஏன் அவரே அந்தக் கூச்சலை எனக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பெரியப்பாவின் துண்டு சுருட்டிய கை கண்முன் வந்தது. ஆமாம் என்று ஒரு சொல். யாருக்கும் கெடுதல் இல்லாத, அவளுக்கு உதவுகிற சொல். என் நாக்கு அதன்மேல் நின்றது, உன்மேல் ஆணை.

"இல்லைங்க. கத்தலைன்னுதான் சொன்னா" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. தாளைப் புரட்டினார்.

"வேணாம்னு சொன்னதாவாவது சொன்னாங்களா?"

"அதுவும் சொல்லலைங்க."

"தடுக்கல, கத்தல, வேணாம்னு சொல்லல. அப்போ அவங்க சம்மதத்தோடதான் நடந்தது. சரிதானே?"

"சரியில்லைங்க."

"எப்படி சரியில்லைன்னு சொல்றீங்க?"

திரைக்குக் கீழே அந்தக் கட்டைவிரல் நின்றுவிட்டது. என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

"வேணும்னும் அவ சொல்லலைங்களே. எதுக்கு நிறுத்துறீங்கன்னு கேட்டிருக்கா. அதுக்கப்பறம் உடம்பு வெறச்சுப் போயிடுச்சுன்னு சொன்னா. கத்தணும்னு இருந்துச்சு, வாய் தொறக்கலன்னு சொன்னா."

நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னதைத் தட்டச்சு செய்பவருக்குத் திரும்பச் சொன்னார். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. அந்த வாக்கியம் விசையில் விழுந்து முடிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முடிந்தது, நான் அவள் வழக்கைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது அரசு வக்கீல் பின்னாலேயே வந்தார். தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு உயிரே போச்சு மேடம். அந்தப் பொண்ணு அன்னைக்கே தெளிவா சொல்லிடுச்சு. நான் கத்தல, கத்துனேன்னு மனு எழுதுனவங்க போட்டுக்கினாங்க, எனக்கு வாயே வரலன்னு. அவருக்கு வேண்டியது உங்க வாயில ஒரு 'ஆமா'. கத்துனேன்னு டீச்சர்கிட்ட ஒண்ணு, கத்தலன்னு கோர்ட்டுல ஒண்ணு, எதுதான் உண்மைன்னு கேட்டு முடிச்சிருப்பாரு."

பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். என் அன்பு, பெரியப்பாவின் அன்பு, மனு எழுதியவரின் நல்ல எண்ணம், எல்லாம் சேர்ந்து அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்! அவளோ இருபது வயதில், மூடிய கதவுக்குள், எதிரே அந்தக் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருக்க, தனக்குச் சாதகமாக எழுதப்பட்ட பொய்யைத் தானே எடுத்துப் போட்டுவிட்டாள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெயிக்குமா என்று கேட்டேன். "வண்டியில தானா ஏறுனா, வேணாம்னு சொல்லல, பரீட்சை எழுதுனா. இது மூணையும்தான் அவர் திருப்பித் திருப்பிச் சொல்லுவாரு. சட்டம் நம்ம பக்கம் இருக்குது மேடம். பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை. அதை நீ சொல்லும்போதும் எனக்குப் பிடிக்காது.

நீதிமன்ற வாசலுக்கு எதிரே அவனுடைய வேன் நின்றுகொண்டிருந்தது. தார்ப்பாய் புதுக் கயிற்றால் கட்டியிருந்தது. நான் வேகமாக நடந்தேன்.

பேருந்து நிலையத்தில் மலைக்குப் போகும் பேருந்துக்காக அவளும் பெரியப்பாவும் நின்றிருந்தார்கள். அவர் என்னைக் கண்டதும், "இன்னா சொன்னீங்க டீச்சரம்மா?" என்றார்.

"கத்தலைன்னு சொன்னேன்."

அவர் முகம் கறுத்தது. "நல்லா இருங்க. படிச்சவங்க நீங்க. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டேன்."

"நானும் அதத்தான் சொன்னேன் பெரிப்பா" என்றாள் அவள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேருந்து வருகிறதா என்று பார்க்கப் போவது போலத் தள்ளிப் போய் நின்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவள் மெலிந்துபோயிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குறைந்தது தலையையாவது தடவிக்கொடுக்க வேண்டும். கை பாதி தூரம் போய்விட்டது. அவள் தோள் லேசாகச் சுருங்கியதைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"தொடலாமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள். எந்த மாணவியும் ஒரு டீச்சரிடம் எளிதில் சொல்லிவிட முடியாத பதில் அது. நான் பதில் வரும் வரை நின்றேன்.

"வேணாம் மேம்" என்றாள்.

நான் கையை இறக்கினேன். கை இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது முழுவதும் என் பக்கத்துக்கு வந்து சேரும் வரை. பிறகு மூச்சு விட்டாள். பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

தீர்ப்பு எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியாது. மகளைத் தனியாக அனுப்ப இன்னும் முடியவில்லை. கடை வாசலில் வேன் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன். ஆனால் அவள் ஒரு முறை வேணாம் என்று சொன்னாள், கை நின்றது. அவள் வாயால் வந்து, என் காதால் கேட்ட அந்தச் சொல்லைத்தான் எங்கே போனாலும் இப்போது கூடவே வைத்திருக்கிறேன்.